ஏடிஹெச்டி குழந்தைங்களுக்கு மாற்று சிகிச்சை: பெத்தவங்க திரும்பத் திரும்ப கேட்கிற கேள்விகள்

ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம ரொம்ப துறுதுறுன்னு இருக்கிற பிரச்சனை உள்ள பிள்ளைங்களோட அம்மா அப்பாக்கள் கூட பல வருஷமா பேசிட்டு இருக்கேன், நானும் அப்படி ஒரு பிள்ளையோட அம்மாதான். மருந்து பத்தி வர்ற கேள்விகளை விட மீன் எண்ணெய், டயட், மூலிகை, மூளைக்கு ட்ரெய்னிங் இதைப் பத்தி வர்ற கேள்விங்கதான் அதிகம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி மாளல, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்வியை வச்சு எனக்குத் தெரிஞ்ச பதிலை இங்க சேர்த்து வச்சிருக்கேன். நான் டாக்டர் கிடையாது, உங்க பிள்ளைக்கு எதுவும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்ட பேசிடுங்க.

மாற்று சிகிச்சைன்னா அதுல என்னென்ன எல்லாம் வரும்?

டாக்டருங்க வழக்கமா சொல்றது ரெண்டு. ஒண்ணு மெத்தில்ஃபெனிடேட், ஆட்டமாக்ஸடின் மாதிரி மருந்து. இன்னொண்ணு நடத்தைப் பயிற்சி, அதாவது பிள்ளையை எப்படி வழிநடத்துறதுன்னு பெத்தவங்களுக்கும் டீச்சருக்கும் சொல்லித் தர்றது. இந்த ரெண்டுக்கும் வெளிய இருக்கிற டயட், சத்து மாத்திரை, மூலிகை, ஹோமியோபதி, நியூரோஃபீட்பேக் (மூளை அலையை ஸ்க்ரீன்ல காட்டிப் பழக்குற பயிற்சி), யோகா, அக்குபங்சர் எல்லாத்தையும் மாற்று சிகிச்சைன்னு ஒரே பேர்ல போட்டுடுறோம். வழக்கமான சிகிச்சையோட சேர்த்து செஞ்சா அது துணை, அதை விட்டுட்டு இதை மட்டும் செஞ்சாதான் மாற்று. ஒரே மீன் எண்ணெய் மாத்திரை ஒரு வீட்டுல துணையா இருக்கும், இன்னொரு வீட்டுல மாற்றா இருக்கும், ஆபத்து பெரும்பாலும் ரெண்டாவது வீட்டுலதான்.

இன்னொண்ணு, மருந்து வேணாம்னு நெனச்சு இந்தப் பக்கம் வர்ற நிறைய பேருக்கு நடத்தைப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. 4, 5 வயசுப் பிள்ளைங்களுக்கு முதல்ல பேரண்ட் ட்ரெய்னிங்தான் (பெத்தவங்களுக்குச் சொல்லித் தர்ற அந்த நடத்தைப் பயிற்சி) கொடுக்கணும்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமியோட 2019 வழிகாட்டியே சொல்லுது. மருந்து இல்லாத வழி தேடுறீங்கன்னா ஆதாரம் அதிகமா இருக்கிறது அங்கதான், தயவுசெஞ்சு அதை முதல்ல கேளுங்க.

சர்க்கரையை நிறுத்தினா ஆட்டம் குறையும்னு எல்லாரும் சொல்றாங்க, நெஜமா?

இல்லைங்க. 1995ல 23 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க, சர்க்கரை பிள்ளைங்களோட நடத்தையையோ படிப்பையோ மாத்தினதா தெரியல. பல்லுக்காகவும் எடைக்காகவும் குறைங்க, நல்லதுதான், ஆனா ஏடிஹெச்டி குறையும்னு எதிர்பார்த்து செய்யாதீங்க.

1994ல வந்த ஒரு ஆய்வைப் பத்தி மட்டும் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா இந்தப் பக்கத்துல பாதி பதிலுக்கு அதுதான் அடிப்படை. சர்க்கரை சாப்பிட்டா என் பையன் அடங்க மாட்டான்னு சொன்ன அம்மாக்களைக் கூப்பிட்டு, பாதி பேர்கிட்ட இப்ப உங்க பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கோம்னு சொன்னாங்க. உண்மைல எந்தப் பையனுக்கும் சர்க்கரையே கொடுக்கல, எல்லாருக்கும் சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்புதான். ஆனா சர்க்கரைன்னு நம்பின அம்மாக்கள் பையன் ரொம்ப துறுதுறுன்னு இருக்கான்னு மார்க் போட்டாங்க, அதோட அவனை ஒட்டிக்கிட்டே இருந்தாங்க, அதிகமா குறை சொன்னாங்க. பிள்ளை மேல உயிரையே வச்சிருக்கிறவங்களோட கண்ணுதான் எதிர்பார்ப்பைக் கலந்து பார்க்கும், இது யாரோட தப்பும் இல்ல.

இவ்வளவு ஆய்வு இருக்குன்னு நெட்ல போடுறாங்க, அப்புறம் ஏன் டாக்டர் ஒத்துக்க மாட்டேங்குறாங்க?

ஆய்வு இருக்கான்னு கேட்கிறதை விட, பிள்ளை மாறிருக்கான்னு மார்க் போட்டது யாரு, அவங்களுக்கு பிள்ளை என்ன சிகிச்சைல இருக்குன்னு தெரியுமான்னு கேளுங்க. 2013ல மருந்து இல்லாத சிகிச்சைகளைப் பத்தின 54 ட்ரையலை (பிள்ளைங்களை குரூப்பா பிரிச்சு செய்யற சிகிச்சை ஆய்வு) ஒரு சர்வதேசக் குழு அலசிச்சு. சிகிச்சை கொடுத்தது தெரிஞ்சவங்க போட்ட மார்க்கை மட்டும் எடுத்தா டயட், நியூரோஃபீட்பேக், மூளைப் பயிற்சி எல்லாமே நல்லா வேலை செய்யற மாதிரி வந்துச்சு. தெரியாதவங்க போட்ட மார்க்கை எடுத்தா பலதோட பலன் காணாமப் போச்சு, கொஞ்சமாவது நின்னது மீன் எண்ணெய் வகையும் செயற்கைக் கலரை விலக்குறதும்தான். நடத்தைப் பயிற்சி கூட அந்தக் கணக்குல ஏடிஹெச்டி அறிகுறிகள்ல பெருசா நிக்கல, ஆனா பெத்தவங்க பிள்ளையைக் கையாளுற விதமும் பிள்ளையோட முரண்டு பிடிக்கிற குணமும் அதுல நல்லா மாறுதுன்னு வேற ஆய்வுகள்ல வந்திருக்கு, அதனாலதான் மேல அதை முதல்ல சொன்னேன்.

கலர் போட்ட மிட்டாய், ஜூஸ் எல்லாம் நிறுத்தணுமா?

இதுல கொஞ்சம் விஷயம் இருக்கு. 1970கள்லயே ஃபெயின்கோல்ட்னு ஒரு அமெரிக்க அலர்ஜி டாக்டர் செயற்கைக் கலர்தான் காரணம்னு சொல்லி ஒரு டயட்டே கொண்டு வந்தாரு, அவர் சொன்ன அளவுக்கு பின்னாடி வந்த ஆய்வுகள்ல பலன் வரல. ஆனா 2007ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல 3 வயசு, 8, 9 வயசுப் பிள்ளைங்க சுமார் 300 பேருக்கு சில கலர் கலவையும் சோடியம் பென்சோயேட்ங்கிற கெட்டுப்போகாம வைக்கிற பொருளும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தாங்க, எதைக் குடிச்சாங்கன்னு பிள்ளைங்களுக்கும் தெரியாது மார்க் போட்டவங்களுக்கும் தெரியாது. சராசரியா பார்த்தா துறுதுறுப்பு கொஞ்சம் கூடுச்சு, எல்லாப் பிள்ளைக்கும் இல்ல. கவனிங்க, அவங்க ஏடிஹெச்டி பிள்ளைங்க இல்ல, சாதாரணப் பிள்ளைங்க.

அதுக்கப்புறம் ஐரோப்பிய யூனியன்ல 2010லேருந்து டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, அலூரா ரெட் உட்பட 6 கலர்ல எது இருந்தாலும் இது குழந்தைகளோட கவனத்தைப் பாதிக்கலாம்னு லேபிள்ல எழுதணும்னு சட்டம் வந்துச்சு. அந்தக் கலர்ல சத்து எதுவும் கிடையாது, குறைச்சா பிள்ளைக்கு நஷ்டம் இல்ல. அதனால குறைக்கிறதுக்கு நான் எப்பவும் சரின்னுதான் சொல்வேன், ஏடிஹெச்டியே போயிடும்னு மட்டும் நெனைக்காதீங்க.

ஒவ்வொரு சாப்பாடா நிறுத்திப் பார்க்கிற டயட் இருக்காமே, அதுக்கு பிளட் டெஸ்ட் கூட எடுக்கச் சொல்றாங்க?

ஒரு சில உணவை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் சில வாரம் நிறுத்திட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பக் கொடுத்துப் பார்க்கிற முறை அது. 2011ல நெதர்லாந்து பெல்ஜியம் பக்கம் 100 பிள்ளைங்களை வச்சு 5 வாரம் செஞ்சாங்க, டயட்ல இருந்தவங்கள்ல பாதிக்கு மேல நல்ல மாற்றம்னு ரிசல்ட் வந்துச்சு. ஆனா பிள்ளை டயட்ல இருக்குன்னு பெத்தவங்களுக்குத் தெரியும், மேல சொன்ன பிரச்சனை இங்கயும் வருது. அதே ஆய்வுல இன்னொண்ணும் செஞ்சாங்க, ரத்தத்துல ஐஜிஜிங்கிற எதிர்ப்புப் பொருளை அளக்கிற பிளட் டெஸ்ட்ல அதிகமா காட்டின உணவையும் குறைவா காட்டின உணவையும் கொடுத்துப் பார்த்தா ரெண்டுலயும் பிள்ளைங்க ஒரே மாதிரிதான் மோசமானாங்க. அதாவது அந்த டெஸ்ட் எதையும் கண்டுபிடிக்கல. 200 உணவுக்கு அலர்ஜி டெஸ்ட்னு பெரிய பேக்கேஜ் சொன்னா அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க.

டயட்டை நீங்களா ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. ஏடிஹெச்டி பிள்ளைங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே சாப்பாட்டுல ரொம்ப செலக்டிவ், மருந்து சாப்பிடற பிள்ளைன்னா பசியும் குறைஞ்சிருக்கும், அதுல இன்னும் பத்து உணவை நிறுத்தினா எடையும் வளர்ச்சியும் அடி வாங்கும். ஒரு குறிப்பிட்ட உணவு சாப்பிட்டா மாறுறான்னு தோணுச்சுன்னா அதை ஒரு நோட்டுல எழுதி வச்சு டயட்டீஷியன்கிட்ட காட்டுங்க, எந்த சிகிச்சை சரின்னு சொல்ற பிரிட்டனோட நைஸ் அமைப்போட வழிகாட்டியும் இதைத்தான் சொல்லுது.

மீன் எண்ணெய் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பெரிய கெடுதல் இல்ல, பெரிய பலனும் இல்ல. 2011ல 10 ட்ரையல், 699 பிள்ளைங்களை சேர்த்துப் பார்த்ததுல சின்னதா ஒரு பலன் வந்துச்சு, இபிஏங்கிற ஒமேகா-3 கொழுப்பு அதிகம் இருக்கிற வகைல கொஞ்சம் கூடுதல். 2023ல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்பு 37 ட்ரையலைப் பார்த்துட்டு பெத்தவங்க போடற மார்க்ல வித்தியாசம் இல்லன்னு சொல்லிடுச்சு. நைஸ் வழிகாட்டியும் ஏடிஹெச்டிக்காக இதைப் பரிந்துரைக்க வேணாம்னுதான் சொல்லுது.

கொடுத்துப் பார்க்கணும்னு தோணினா 3 மாசம் வரைக்கும் கொடுத்துப் பாருங்க, அதுக்குள்ள எதுவும் தெரியலன்னா நிறுத்திடுங்க. வயித்துக்கோளாறு, மீன் வாடை ஏப்பம் வரலாம். மீன் அலர்ஜி இருக்கிற பிள்ளைன்னா, ரத்தம் உறையறதுல பிரச்சனை இருக்கிற பிள்ளைன்னா டாக்டரைக் கேட்காம தொடாதீங்க.

ஜிங்க், அயர்ன், மெக்னீஷியம், மல்டிவைட்டமின்... எதைக் கொடுக்கிறது?

குறைபாடு இருந்தா அதைச் சரி பண்ணணும், இல்லன்னா அதிகமா கொடுத்து ஒண்ணும் ஆகப் போறதில்ல. டாக்டர்கிட்ட ஃபெரிட்டின் (உடம்புல சேர்ந்திருக்கிற இரும்புச்சத்து) அளவு பார்க்கலாமான்னு கேளுங்க, குறிப்பா ராத்திரி காலை ஆட்டிக்கிட்டே இருக்கிற, தூங்க முடியாத பிள்ளைன்னா. ஃபெரிட்டின் குறைவா இருந்தா அயர்ன் கொடுக்கிறதுல அர்த்தம் இருக்கு. ஜிங்க் துருக்கியிலயும் ஈரான்லயும் நடந்த ட்ரையல்ல உதவின மாதிரி தெரிஞ்சுது, அமெரிக்காவுல பார்த்தப்போ உதவல, ஜிங்க் குறைவா இருக்கிற இடத்துலதான் பலன் தெரியுதோன்னு ஆராய்ச்சியாளர்களே சந்தேகப்படுறாங்க. மெக்னீஷியத்துக்கு ஆதாரம் இன்னும் கம்மி.

வைட்டமினும் மினரலும் எல்லாம் கலந்த ஃபார்முலா ஒண்ணை 2018ல நியூசிலாந்துல 93 பிள்ளைங்களுக்கு 10 வாரம் கொடுத்துப் பார்த்தாங்க. யாருக்கு நிஜம் யாருக்கு டம்மின்னு (சத்து எதுவும் இல்லாத போலி மாத்திரை) தெரியாம டாக்டருங்க போட்ட மொத்த மதிப்பீட்டுல 47 சதவீதம் பேர் முன்னேற்றம், டம்மில 28 சதவீதம். ஆனா ஏடிஹெச்டி அறிகுறிகளுக்கு பெத்தவங்களும் டீச்சருங்களும் போட்ட மார்க்ல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல. கோபம், உணர்ச்சிக் கட்டுப்பாடு பக்கம் கொஞ்சம் நம்பிக்கை இருக்கு, இன்னும் ஆராய்ச்சி வரட்டும். அது வரைக்கும் நீங்களா டோஸை ஏத்திப் பார்க்காதீங்க. அயர்ன் மாத்திரையை சின்னப் பிள்ளை நிறைய முழுங்கினா உயிருக்கே ஆபத்து, பூட்டி வைங்க. பி6 அதிக டோஸ்ல ரொம்ப நாள் போனா நரம்பு பாதிக்கும், வைட்டமின் ஏ, டி உடம்புலயே சேர்ந்துடும், ஜிங்க் அதிகமானா காப்பர் குறையும்.

மூலிகைன்னா இயற்கை தானே, சைட் எஃபெக்ட் இருக்காதுல்ல?

இது நான் அதிகமா கேட்ட கேள்வி, எனக்கு அதிகமா பயம் தர்ற கேள்வியும் இதுதான். செடிக்குள்ள உடம்புல வேலை செய்யற ஒரு பொருள் இருக்குன்னா அது மருந்துதான், வேலை செய்யற எதுக்கும் பக்கவிளைவு வர வாய்ப்பு உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கிற மேல்நாட்டு மூலிகையை 2008ல 54 பிள்ளைங்களுக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்தாங்க, டம்மியை விட எந்த விதத்துலயும் மேல இல்ல, அதே சமயம் அது கல்லீரல் வழியா பல மருந்தோட அளவை மாத்திடும். ஜின்கோங்கிற மர இலைச் சாறு மெத்தில்ஃபெனிடேட்டோட ஒப்பிட்ட ட்ரையல்ல ரொம்ப பின்னாடி இருந்துச்சு, ரத்தக் கசிவு அபாயமும் இருக்கு. நீர்ப்பிரம்மி சாறை ஆஸ்திரேலியாவுல 6லேருந்து 14 வயசுப் பசங்க 112 பேருக்கு 14 வாரம் கொடுத்தாங்க. முக்கியமா எதிர்பார்த்த நடத்தை மாற்றம் வரல, சில கவன டெஸ்ட்லயும் தூக்கத்துலயும் சின்ன முன்னேற்றம், அவ்வளவுதான்.

அதை விடப் பெரிய கவலை பாட்டிலுக்குள்ள வேற என்ன இருக்குங்கிறது. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் கடைல வித்த 70 ஆயுர்வேத தயாரிப்பை 2004ல சோதிச்சப்போ 14ல ஈயம், பாதரசம், ஆர்சனிக்ல ஏதாவது ஒண்ணாவது இருந்துச்சு. ஈயம் பிள்ளைங்களோட கவனத்தையும் அறிவு வளர்ச்சியையும் கெடுக்கும்னு பல வருஷமா தெரிஞ்ச விஷயம், கவனம் வரணும்னு கொடுக்கிற மருந்துலயே அது இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பேர் ஊர் இல்லாத பொடி, பஸ்பம், லேபிள்ல என்ன இருக்குன்னே போடாத லேகியம் எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க.

ஹோமியோபதில சரியாகும்னு ஒரு ஆய்வே இருக்காமே?

2022ல ஒரு ஜர்னல்ல பலன் இருக்குன்னு ஒரு தொகுப்பு வந்துச்சு, உண்மைதான், நிறைய பேர் அதோட லிங்க்கைத்தான் அனுப்புறாங்க. ஆனா அதுல எடுத்துக்கிட்ட தகவல்கள்ல பிரச்சனை இருக்குன்னு 2023ல அந்த ஜர்னலே அதைத் திரும்ப எடுத்துக்கிச்சு. அதுக்கு முன்னாடி 2007ல காக்ரேன் பார்த்தப்போவும் பலன் இருக்கிறதுக்கு ஆதாரம் இல்லன்னுதான் வந்துச்சு.

நியூரோஃபீட்பேக் 40 செஷன் எடுத்தா மூளையே மாறிடும்னு கிளினிக்ல சொல்றாங்க, சேரலாமா?

தலைல எலக்ட்ரோடு ஒட்டி, மூளை அலையை ஸ்க்ரீன்ல காட்டி, பிள்ளை கவனமா இருக்கும்போது கேம் ஓடற மாதிரி செய்வாங்க. கேட்கும்போது ரொம்ப நியாயமாத்தான் தெரியும். 2021ல அமெரிக்காவுல 7லேருந்து 10 வயசுப் பிள்ளைங்க 140க்கும் மேல வச்சு 38 செஷன் நடத்தினாங்க, ஒரு குரூப்புக்கு நிஜம், இன்னொரு குரூப்புக்கு வேற யாரோட மூளை அலையையோ வச்சு ஓட்டின டம்மி. ரெண்டு குரூப்புமே நல்லா முன்னேறுச்சு, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இல்ல. 2024ல 38 ட்ரையலை சேர்த்துப் பார்த்த தொகுப்பும் சிகிச்சை தெரியாதவங்க மதிப்பீட்டுல சொல்லிக்கிற அளவு பலன் இல்லன்னு முடிச்சுது.

ஆபத்து பெருசா இல்ல, ஆனா செலவும் நேரமும் பயங்கரம், வாரத்துல ரெண்டு மூணு நாள் ஸ்கூல் முடிஞ்சு சோர்ந்து போன பிள்ளையை இழுத்துட்டுப் போகணும். அந்தக் காசும் நேரமும் பேரண்ட் ட்ரெய்னிங்குக்குப் போகட்டும்னுதான் நான் சொல்வேன். 2020ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 8லேருந்து 12 வயசுக்கு அனுமதிச்ச வீடியோ கேம் பத்தியும் கேட்கிறீங்க, 348 பிள்ளைங்க ட்ரையல்ல கம்ப்யூட்டர் கவன டெஸ்ட்ல மார்க் ஏறுச்சு, பெத்தவங்க பார்த்த அறிகுறிகள்ல மத்த குரூப்பை விட மேல வரல.

யோகா, விளையாட்டு, பார்க்ல நடக்க வைக்கிறது இதெல்லாம்?

தாராளமா செய்ங்க, இந்தப் பக்கத்துல நான் தயங்காம சொல்ற பதில் இது. 2013ல ஒரு ஆய்வுல 20 நிமிஷம் மிதமா ட்ரெட்மில்ல நடந்த பிறகு ஏடிஹெச்டி பிள்ளைங்க கவன டெஸ்ட்லயும் கணக்கு, வாசிப்புலயும் நல்லா செஞ்சாங்க. 2009ல 17 பிள்ளைங்களை பார்க்லயும் டவுன் தெருவுலயும் 20 நிமிஷம் நடக்க வச்சுப் பார்த்தப்போ பார்க் நடை கவனத்துக்கு உதவுச்சு. எல்லாம் சின்ன ஆய்வுதான், யோகா, தியானம் பத்தினதும் அப்படித்தான். ஆனா உடம்புக்கு நல்லது, தூக்கம் வரும், செலவில்ல, ஹோம்வொர்க்குக்கு முன்னாடி ஓட விட்டுப் பாருங்க. பிள்ளைக்குப் பிடிச்சதா இருக்கணும், தண்டனை மாதிரி ஆக்கிடாதீங்க.

தூங்கவே மாட்டேங்கிறான், மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோன் கலந்த ஜெல்லி மிட்டாய் கொடுக்கலாமா?

2007ல நெதர்லாந்துல 105 பிள்ளைங்களுக்கு 4 வாரம் கொடுத்ததுல சுமார் அரை மணி நேரம் முன்னாடி தூங்கினாங்க, நடத்தைல மாற்றம் இல்ல. அதனால தூக்கத்துக்கு உதவும், ஏடிஹெச்டிக்கு இல்ல. ஆனா 2023ல அமெரிக்காவுல 25 ஜெல்லி மிட்டாய் தயாரிப்பை சோதிச்சப்போ 22ல லேபிள்ல போட்ட அளவு ஒண்ணு உள்ள இருந்தது ஒண்ணு, அதிகபட்சமா மூணு மடங்குக்கும் மேல. டாக்டர் அளவு சொல்லி, நம்பகமான தயாரிப்பா எழுதிக் கொடுத்தா மட்டும் கொடுங்க. அதுக்கு முன்னாடி படுக்கிற நேரம், ஸ்க்ரீன், சாயங்காலம் எத்தனை மணிக்கு மருந்தோட வேலை முடியுது இதெல்லாம் பாருங்க, ஃபெரிட்டினையும் மேல சொல்லிருக்கேன்.

டம்மியாவே இருந்துட்டுப் போகட்டுமே, என் பிள்ளை நல்லா இருக்கான், அது போதாதா?

நியாயமான கேள்வி, இதை லேசா தள்ளிவிட எனக்கு மனசு வரல. நியூரோஃபீட்பேக் ட்ரையல்ல டம்மி குரூப்பும் முன்னேறுச்சுன்னு சொன்னேன்ல, அந்தப் பிள்ளைங்களுக்கு ஒழுங்கான நேரம், ஒரு பெரியவரோட முழு கவனம், பாராட்டு எல்லாம் கிடைச்சுது, நாளாக ஆக வளரவும் செஞ்சாங்க. உங்க பிள்ளையோட முன்னேற்றம் நிஜமாவே இருக்கலாம், ஆனா அது மாத்திரையால வந்ததா, நீங்க தினமும் பக்கத்துல உட்கார்ந்ததால வந்ததான்னு தெரியணும். ரெண்டாவதுன்னா மாத்திரை இல்லாமலே அதைத் தொடரலாம். இன்னொரு பக்கம் சர்க்கரை ஆய்வுல பார்த்த மாதிரி மாறினது நம்ம பார்வை மட்டும்தான்னா, பிள்ளை கிளாஸ்ல இன்னும் தவிச்சுக்கிட்டுதான் இருக்கும், நாம நிம்மதியா இருப்போம். அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம்.

சரி, வேலை செய்யுதான்னு வீட்டுலயே எப்படி தெரிஞ்சுக்கிறது?

ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் எண்ணக்கூடிய மாதிரி ரெண்டு மூணு விஷயத்தை எழுதி வைங்க, ஹோம்வொர்க் முடிக்க எவ்வளவு நேரம், காலைல ரெடியாக எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கு, ஸ்கூல்லேருந்து எத்தனை கம்ப்ளெயின்ட் அந்த மாதிரி. "நல்லா இருக்கான்"னு எழுதாதீங்க, அதை எண்ண முடியாது. எப்போ நிறுத்துறதுங்கிற தேதியையும் முதல்லயே முடிவு பண்ணுங்க, அப்புறம் முடிவு பண்ணா மனசு இழுத்துக்கிட்டே போகும்.

டீச்சர்கிட்ட எதுவும் ஆரம்பிச்சதா சொல்லாம வாராவாரம் எப்படி இருக்கான்னு மட்டும் கேளுங்க, என்ன சிகிச்சைன்னு தெரியாதவங்க போடற மார்க்னு உங்களுக்குக் கிடைக்கிறது அதுதான். பரிட்சை நேரம், லீவு, புது டீச்சர் வர்ற மாசம் இதுல ஆரம்பிச்சா ஒண்ணும் புரியாது. இந்த ரகசியம் டீச்சர் அளவோட நிக்கணும், டாக்டருக்கு எல்லாம் தெரியணும்.

டாக்டர் திட்டுவாரு, அவர்கிட்ட சொல்லாம கொடுத்தா என்ன?

திட்டினாலும் சொல்லுங்க, பாட்டிலையே எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. நீங்க கொடுக்கிறதும் அவர் கொடுக்கிறதும் ஒண்ணோட ஒண்ணு மோதுமான்னு அவருக்கு தெரிஞ்சாதான் பார்க்க முடியும், ஆபரேஷன் மாதிரி எதாவது வந்தா இன்னும் முக்கியம். கேட்டதுக்கே அவமானப்படுத்துற டாக்டர்னா வேற டாக்டரைப் பாருங்க, ஆனா மறைக்காதீங்க.

புது சிகிச்சை கொடுக்கிறவங்க மருந்தை உடனே நிறுத்தச் சொல்றாங்க, நிறுத்தலாமா?

நீங்களா நிறுத்தாதீங்க. குளோனிடின், குவான்ஃபசின் மாதிரி மருந்தை சட்டுனு நிறுத்தினா ரத்த அழுத்தம் திடீர்னு ஏறும். மத்த மருந்தும் நிறுத்தணும்னா எழுதிக் கொடுத்தவர்தான் சொல்லணும். பசி குறையுது, தூக்கம் கெடுதுன்னு பக்கவிளைவுக்காக நிறுத்த நெனைக்கிறீங்கன்னா அதை அவர்கிட்ட சொல்லுங்க, டோஸ், நேரம், மருந்து வகைன்னு மாத்துறதுக்கு நிறைய வழி இருக்கு. மருந்தை நிறுத்தினாதான் எங்க சிகிச்சை வேலை செய்யும்னு யாராவது சொன்னா அங்கேருந்து எழுந்து வந்துடுங்க. முழுசா குணமாக்குறோம்னு உத்தரவாதம் கொடுக்கிறவங்க, மொத்தக் காசையும் முன்னாடியே கேட்கிறவங்க, முடியை சோதிச்சு விஷம் இருக்குன்னு சொல்றவங்க கிட்டயும் அப்படித்தான். உடம்புலேருந்து உலோகத்தை எடுக்கிறோம்னு கீலேஷன் ஏத்தினா கால்சியம் விழுந்து பிள்ளை உயிரே போகலாம், 2005ல அமெரிக்காவுல அப்படி பிள்ளைங்க இறந்திருக்காங்க. ரத்தப் பரிசோதனைல ஈய நச்சு உறுதியானா மட்டும் ஆஸ்பத்திரில செய்ய வேண்டியது அது.

நான் ஏற்கனவே மீன் எண்ணெய், ஜிங்க், ஒரு மூலிகை சிரப், டயட்னு நாலையும் ஒண்ணா ஆரம்பிச்சுட்டேன், இப்ப எதை நிறுத்துறது?

பதறாதீங்க, நிறைய பேர் இந்த நிலைமைல இருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு உறுதியா தெரியாததுதான் முதல்ல போகணும், அதாவது மூலிகை சிரப். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது ஈய அளவும் பார்க்கலாமான்னு கேளுங்க. அடுத்து டயட், பிள்ளையோட எடையைப் பாருங்க, குறைஞ்சிருந்தா நிறுத்தின உணவை திரும்ப ஆரம்பிச்சுடுங்க, கலர் போட்டதை மட்டும் ஒதுக்கி வச்சா போதும். ஜிங்க் குறைபாடு இருக்குன்னு டாக்டர் சொல்லி கொடுக்கிறீங்கன்னா தொடரலாம், இல்லன்னா அதையும் விடலாம். மீன் எண்ணெய் கடைசில, மேல சொன்ன மாதிரி 3 மாசத்துல எதுவும் தெரியலன்னா நிறுத்திடுங்க.

ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மூணு வாரம் விட்டு, மேல சொன்ன மாதிரி எண்ணி எழுதுங்க. எதையாவது நிறுத்தினதும் டீச்சரே என்ன ஆச்சு இவனுக்குன்னு கேட்டா, அதைத் திரும்ப ஆரம்பிச்சு ஒரு தடவை சரிபார்த்துட்டு அந்த நோட்டோட டாக்டர்கிட்ட போங்க.